ஒவ்வொரு மணிக்கும் பத்தாவது நிமிடம்

தலைவலி சரியாக எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது.

ஏழு பத்துக்கும் வந்திருந்தது. நேற்றுக் காலை ஒன்பது பத்து, பத்து பத்து, பதினொன்று பத்து. முந்தாநாளும் அப்படியே. ஆபரேட்டர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். பதினோரு நாட்கள், வரிசைக்குப் பதினான்கு கட்டங்கள், பொடி எழுத்து. காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை மணிக்கு ஒரு தடவை. பஸ் கூட இவ்வளவு ஒழுங்காக வராது.

மணிக்கு மணி வருகிற கோளாறு என்றால், மணிக்கு மணி ஏதோ ஒன்று ஆன் ஆகிறது என்றுதான் அர்த்தம். துணைமின் நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் கண்ட்ரோல் ரூம் பார்த்த மனிதருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எது ஆன் ஆகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

முதலில் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உறுமியது. அது இல்லை. மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார்? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துணி அலமாரிக்குள் வைத்தார். தலைவலி கடிகாரத்தைப் பார்க்காமலே வந்தது.

இன்று விடிந்ததும் கடைசி ஆயுதத்தை எடுத்தார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சா?" கையில் குளிர்ந்த இஸ்திரிப் பெட்டியோடு மனைவி வந்து நின்றாள். அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் பார்க்கிறவள். யாரிடமும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

"போகல. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"சோதனைக்கு. வீட்டுல எதுவுமே ஓடலைன்னா வலி வரக் கூடாது இல்லையா?"

"வந்துச்சா?"

அவர் நெற்றியை அமுக்கிக்கொண்டார்.

"ஊருக்கே கரண்ட் கொடுக்கிற மனுஷன் வீட்டுல பவர் கட். வெளிய சொல்லிடாதீங்க." அவள் நேராகப் போய் சுவிட்சை ஏற்றினாள். ஃப்ரிட்ஜ் உறுமியது. அவருக்கு அது கேலி செய்வது போல இருந்தது.

உள்ளிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பத்தொன்பது வயசாகியும் பெயர் மாறவில்லை, குணமும் மாறவில்லை. கால்நடை மருத்துவமனை உதவியாளர் படிப்பு படிக்கிறாள்.

"அப்பா, போன வாரம் ஒரு நாய்க்குக் காயத்தை நக்காம இருக்கக் கழுத்துல கூம்பு மாட்டினோம். அது கூட உன்னளவு ரகளை பண்ணல."

"அதுக்கு எங்க வலிக்குதுன்னு அதுக்குத் தெரியும். எனக்கு ஏன் வலிக்குதுன்னே தெரியல. ரெண்டும் ஒண்ணா?"

*

நடந்தது இதுதான். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம், கண்ட்ரோல் ரூமில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்த வேகத்தில், திறந்து கிடந்த பேனல் கதவின் இரும்பு விளிம்பில் உச்சந்தலை மோதியது. ஒரு நிமிடம் உலகம் வெள்ளையாக இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து லாக் புத்தகத்தில் எழுதினார்: "14.20. ஆபரேட்டர் தலையில் அடி. மின் விநியோகத்துக்குப் பாதிப்பில்லை."

ஷிப்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வந்து வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவில்லை, எலும்பு முறிவில்லை. "சாதாரண கன்கஷன், மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் வேலைக்குப் போங்க" என்றார்கள். ஆறாம் நாள் போனார். ஒன்றாம் நம்பர் டிரான்ஸ்ஃபார்மரின் ரீடிங்கை இரண்டாம் நம்பரின் கட்டத்தில் எழுதினார். ஒரு தடவை இல்லை, தொடர்ந்து மூன்று மணி நேரம். ஷிப்ட் இன்ஜினியர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு மனைவி ஆட்சி. பேப்பர் படித்தால் வலி வருகிறதா, பேப்பர் நிறுத்தம். ஃபோன் பார்த்தால் வலியா, ஃபோன் அவள் கைப்பையில். டிவிக்குத் துணி போர்த்தியாயிற்று. ஜன்னல்களுக்கு அடர்ந்த திரை. பகலிலும் வீடு சினிமா தியேட்டர் மாதிரி, படம் மட்டும் இல்லை. அந்த இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அவர் ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். ஒரு இயந்திரம் சரியில்லை என்றால் அதன் ரீடிங்கைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. தலைவலி, குமட்டல், வெளிச்சக் கூச்சம், காதில் இரைச்சல், நாடித் துடிப்பு. பூஜ்யம் முதல் பத்து வரை மார்க்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனம் பேசினார்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க!" கட்டுப் போட்ட கையோ காலோ இருந்திருந்தால் அதைக் காட்டியிருக்கலாம். தலைக்குள் இருப்பதை எதை எடுத்துக் காட்டுவது?

ஒன்பது மணிப் பதிவை அவர் எழுதி முடித்த நேரம் ஃபோன் வந்தது. மனைவி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தூரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?" ஷிப்ட் இன்ஜினியர். வயதில் பத்து வருஷம் சின்னவர்.

"இருக்கேன் சார்."

"இன்னைக்குத்தானே ஸ்பெஷலிஸ்ட்? நாலு மணிக்குள்ள எனக்குப் பேப்பர் வேணும். திங்கட்கிழமை ட்யூட்டி சார்ட் போட்டாகணும். நீங்க கண்ட்ரோல் போர்டுக்குத் திரும்பறீங்கன்னா சரி. இல்லைன்னா ஸ்டோர்ஸ். அது நிரந்தரம், அண்ணே. ஒரு தடவை ஸ்டோர்ஸுக்குப் போயிட்டா திரும்ப போர்டுக்கு வர விதியில இடமில்ல. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"ஸ்டோர்ஸும் நல்ல வேலைதான். உட்கார்ந்து பார்க்கிறது."

மணி ஒன்பது பத்து. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியைத் திருகினார்கள். அவர் ஃபோனுக்கு எதிர்த் திசையில் திரும்பிக்கொண்டார்.

*

ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த நேரம் பத்தரை மணி. தலைக்காய சிகிச்சைக்கென்றே தனியாக ஒரு பிரிவு. அங்கே நடைகூடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பாதி விளக்குகள் எரியவில்லை, சுவரில் கோடு போட்ட பளபள ஓடுகள் இல்லை, பேர் கூப்பிடும் ஒலிபெருக்கி இல்லை. ஒரு செவிலி பக்கத்தில் வந்து மெதுவாக அழைத்துப் போனாள்.

டாக்டர் ஐம்பதைத் தொட்ட பெண்மணி. மேசைக்குப் பின்னால் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க டாக்டர்" என்று மனைவி ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்லாததுக்கு ஏழு வாரமா?"

"நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?" டாக்டர் ஆபரேட்டரிடம் கேட்டார்.

சொன்னார்.

"அப்போ உங்களுக்குச் சுலபமா புரியும். உங்க ஸ்டேஷனை வெளிய நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்தா என்ன தெரியும்?"

"டிரான்ஸ்ஃபார்மர் நிக்குதா, கம்பி அறுந்திருக்கா, எங்கயாவது எரிஞ்சிருக்கான்னு தெரியும்."

"கோளாறு வந்தா ரிலே சரியான நேரத்துல லைனை வெட்டுமான்னு தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்? ஓட விட்டுல்ல பார்க்கணும்."

"அவங்க எடுத்தது ஃபோட்டோ. நான் ஓட விட்டுப் பார்க்கப் போறேன்."

ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒருவர் பேசுவது பிடித்திருந்தது.

மணிக்கு மணி வரும் வலியையும் ஃப்ரிட்ஜ், மெயின் சுவிட்ச் சோதனைகளையும் டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு ஓட விட்டுப் பார்த்தார்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கொஞ்சம் ஆடினாலும் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த ஓர் எழுத்தைப் பார்த்தபடியே தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். லேசான கிறுகிறுப்பு, ஆனால் எழுத்து அசையவில்லை. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார். ஆபரேட்டர் டிக்குகளை எண்ணினார். எல்லாம் சரி என்று இவரும் சொல்லிவிட்டால்? பேப்பரில் "தகுதியானவர்" என்று எழுதித் திங்கட்கிழமை போர்டுக்கு அனுப்பிவிட்டால்? மறுபடி கட்டம் மாறி எழுதுவார். இந்தத் தடவை ரீடிங்கோடு போகாமல், தப்பான லைனை ஆன் செய்துவிட்டால், அந்த லைனில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால்?

தகுதியில்லை என்று எழுதினாலோ, ஸ்டோர்ஸ்.

சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. கை தானாகப் பைக்குள் போயிற்று.

"டாக்டர், ஒரு ஏழெட்டு நிமிஷம். ரீடிங் எடுக்கணும்."

"என்னங்க, இங்கயுமா?" மனைவிக்கு முகம் சிவந்தது. "அவங்க நேரத்தை ஏன் வீணாக்கறீங்க?"

"எடுக்கட்டும்" என்றார் டாக்டர். "நான் பார்க்கிறேன்."

அவர் நோட்டை மடியில் விரித்தார். முந்தைய வரிசையைப் பார்த்தார், புது வரிசையில் எழுதினார், மேலே தலைப்பைப் பார்த்தார், மறுபடி எழுதினார். டாக்டர் நோட்டைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது கட்டத்தில் ஆபரேட்டர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். ஏழாவதில் இடது கண்ணைப் பாதி மூடினார். பத்தாவதில் நோட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். தான் இப்படிச் செய்வது எதுவும் அவருக்கே தெரியாது.

எழுதி முடித்து மூடினார். பதினொன்று எட்டு. டாக்டர் அதை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார்.

"பதினோரு நாளாத்தான் இப்படி மணிக்கு மணி வருதா? அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கண்ட நேரத்துல வரும். பேப்பர் படிச்சா வரும், ஃபோன் பார்த்தா வரும். இவ அதையெல்லாம் பிடுங்கி வெச்சா. அப்புறம்தான் இப்படி ஒழுங்கா..." நிறுத்தி, நெற்றியில் கை வைத்தார். "வந்துடுச்சு. பார்த்தீங்களா? பதினொண்ணு பத்து. நான் சொன்னேன் இல்ல?"

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க ஃப்ரிட்ஜ் எதுவும் இல்லையே."

அவரும் சுற்றிப் பார்த்தார். மேசை, மூன்று நாற்காலி, அணைத்து வைத்த விளக்கு.

"போன வியாழக்கிழமை மூணு மணிக்கு மட்டும் கோடு போட்டிருக்கீங்களே?"

"அன்னைக்கு ஆபீஸ்லேருந்து பார்க்க வந்திருந்தாங்க. எழுத முடியல. தவறிய பதிவு."

"அன்னைக்கு மூணு பத்துக்கு வலி இருந்துச்சா?"

"எழுதலையே டாக்டர். எழுதாம எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் ஒரு பேனாவை எடுத்தார். அதன் நுனியில் சின்னதாய் ஓர் எழுத்து ஒட்டியிருந்தது.

"இதையே பாருங்க. மூக்குக்கு நேரா கொண்டு வரேன். ரெண்டா தெரிஞ்ச உடனே சொல்லுங்க."

பேனா கை தூரத்திலிருந்து கிளம்பியது. கொஞ்ச தூரம்தான் வந்தது.

"ரெண்டு."

டாக்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். "இருபத்திரண்டு சென்டிமீட்டர்." பேனாவை மனைவி பக்கம் திருப்பினார். "நீங்க பாருங்க." அவளுக்கு மூக்கு நுனியைத் தொட ஐந்து சென்டிமீட்டர் இருக்கும்வரை ஒன்றாகவே இருந்தது.

"இப்போ இவர் கண்ணைப் பாருங்கம்மா."

பேனா மறுபடி வந்தது. இருபத்திரண்டு சென்டிமீட்டரில் அவருடைய வலது கண் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்க, இடது கண் களைத்துப்போன ஆள் போல மெல்ல நழுவி வெளிப்பக்கம் போயிற்று.

மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஏழு வாரமாக அவள் தேடிக்கொண்டிருந்த அடி அது. கட்டுப் போட முடியாது, ஆனால் கண்ணால் பார்க்க முடிந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் இணையாக நேரே பார்க்கும், உழைப்பு அதிகமில்லை. கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இரண்டும் உள்பக்கம் திரும்பி ஒரே புள்ளியில் கூட வேண்டும். கனமான பெட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் தூக்குவது மாதிரி. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தூக்கினால் பாரம் தெரியாது. அந்த "தூக்கு" என்கிற கட்டளை மூளையிலிருந்து வருகிறது. தலை குலுங்கியதில் கட்டளை தளர்ந்துவிட்டது. கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடி மாற்றிப் பயனில்லை. ஒரு கண் நழுவ நழுவ மூளை அதைப் பிடித்து இழுத்து எழுத்தை ஒன்றாக்குகிறது. ஏழெட்டு நிமிடம் அப்படி மல்லுக்கட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்?

"பொடி எழுத்து, நெருக்கமான கட்டம், மேலயும் கீழயும் பார்வை. இதைவிட மோசமான வேலையை இந்தக் கண்ணுக்கு நானே யோசிச்சாலும் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

ஆபரேட்டர் மூடிய நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலிவு மீட்டர்" என்றார் கடைசியில்.

"என்னது?" என்றாள் மனைவி.

"மலிவு மீட்டர் ஒண்ணை வீக்கான சர்க்யூட்ல மாட்டினா, மீட்டரே கரண்டை இழுத்துக்கும். வோல்டேஜ் இறங்கும். நாம சர்க்யூட்டுல கோளாறுன்னு தேடிக்கிட்டே இருப்போம். கழட்டினா சரியா இருக்கும், மாட்டினா இறங்கும். புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன்." அவர் குரல் உடைந்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. "பதினோரு நாள்! வீட்டுல மெயினை எல்லாம் நிறுத்தி... நானே மாட்டி வெச்சுட்டுத் தேடியிருக்கேன்."

"அந்த நோட்டு இல்லைன்னா எனக்கு இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது" என்றார் டாக்டர். "அதனால அதைத் திட்டாதீங்க."

*

டாக்டர் கடிதம் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்து பார்க்கிற சுலபமான வேலை என்று ஸ்டோர்ஸுக்கு அனுப்பப் பார்க்கிறார்களே, போகலாமா என்று ஆபரேட்டர் கேட்டார்.

"அங்க என்ன வேலை?"

"சாமான் நம்பர் பார்த்துப் பதிவேட்டுல ஏத்தணும். போல்ட்டு, ஃப்யூஸ், எல்லாத்து மேலயும் எறும்பு சைஸ்ல நம்பர் இருக்கும்."

"நாள் முழுக்கவா?"

"எட்டு மணி நேரம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அதைத்தான் சுலபமான வேலைன்னு சொல்றாங்களா? அதுல போய் உட்கார்ந்தா நீங்க ஒரு வாரம் தாங்க மாட்டீங்க. உங்க போர்டு மீட்டர் எல்லாம் எவ்வளவு தூரத்துல?"

"பெரிய டயல். நாலஞ்சு அடி தள்ளி நின்னே படிக்கலாம்."

"அப்போ அதுதான் உங்களுக்குச் சரி. படிக்கிறது நீங்க, எழுதறது வேற ஆள்."

மனைவி பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கவுண்டரில் சில்லறை இல்லாதபோது அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"என்ன?" என்றார் அவர்.

"நடைகூடத்துக்கு வாங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நின்றபடி சொல்லக்கூடிய விஷயமில்லை போலும்.

"போன வெள்ளிக்கிழமை நான் உங்க இன்ஜினியருக்கு ஃபோன் பண்ணேன். ஸ்டோர்ஸே போட்டுடுங்கன்னு சொன்னேன். உங்க சம்மதம்தான்னு சொன்னேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"சுவரைப் பிடிச்சிட்டு நடக்கிறீங்க. அடுப்புல பாலை வெச்சுட்டு எதுக்கு வந்தோம்னு நிக்கறீங்க. ஹை வோல்டேஜ் பக்கத்துல உங்களை எப்படி விடுவேன்?"

"பன்னெண்டு வருஷம் அந்த போர்டு முன்னாடி நின்னிருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா விடுவீங்களா?"

"விட மாட்டேன்!"

"அதனாலதான் கேக்கல."

பக்கத்து அறைக் கதவு திறந்து ஒரு செவிலி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். சத்தம் போட முடியாத இடத்தில் சண்டை போடுவது போலக் கொடுமை வேறில்லை. இருவரும் கிசுகிசுப்பில் சண்டை போட்டார்கள்.

"எல்லாரும் சேர்ந்து என்னை இருட்டு ரூம்ல போட்டீங்க. இப்போ ஸ்டோர்ஸ்ல போடறீங்க."

"நான் என்ன சந்தோஷமா பண்ணேனா? தெரியாம பண்ணேன். நீங்க மட்டும் என்ன, தெரிஞ்சா மெயினை நிறுத்தினீங்க?"

அவள் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, தானே எண்ணை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள். பறிமுதல் ஆன பிறகு அந்த ஃபோன் அவர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், ஸ்டோர்ஸ் வேண்டாம். டாக்டர் கடிதம் தராங்க. அங்க போனா எனக்கு இன்னும் மோசமாகும்."

மறுமுனையில் இன்ஜினியர் இழுத்தார்.

"அண்ணே... அக்கா கேட்டாங்கன்னு அந்த ஆர்டரை நானே டைப் பண்ணி மேல கொடுத்துட்டேனே. நேத்தே."

"காலையில பேசும்போது சொல்லலையே?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். டாக்டர் போர்டுக்குப் போகலாம்னு எழுதினா ஆர்டரைத் திரும்ப வாங்கப் பார்க்கலாம்னுதான் பேப்பர் கேட்டேன்."

"திரும்ப வாங்க முடியுமா?"

"கையெழுத்து ஆகலைன்னா முடியும். ஆயிடுச்சான்னு தெரியல. பெரிய ஆபீசர் வெளிய போயிருக்கார், நாளைக்குத்தான் வருவார். நாலு மணிக்குள்ள கடிதத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. நான் அவர் மேசைக்கு முன்னாடி நின்னு பேசிப் பார்க்கிறேன். வாக்குக் கொடுக்க முடியாது, அண்ணே."

கடிதத்தில் நான்கே வரி. இரண்டு வாரம் கழித்து அரை ஷிப்ட், பக்கத்தில் இன்னொரு ஆபரேட்டர் இருக்க வேண்டும். தூரத்து மீட்டர்களைப் படிக்கலாம், லாக் எழுதக் கூடாது. மறு பரிசோதனை வரை தனியாக சுவிட்ச் இயக்கக் கூடாது. பதிவேடு, சாமான் எண் சரிபார்த்தல் போன்ற கிட்டப் பார்வை வேலை அறவே கூடாது.

மனைவி அதைப் படம் எடுத்து அனுப்பினாள். மணி பன்னிரண்டே கால். இரண்டு டிக் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

*

சாயங்காலம் வாலு வந்தபோது வீட்டில் திரைகள் விலகியிருந்தன. அப்பா ஜன்னலோரம், அம்மா சமையலறையில். இரண்டு பேரும் வாலுவிடம் மட்டும் பேசினார்கள்.

"உங்க அப்பாகிட்ட மாத்திரை போட்டாச்சான்னு கேளு."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"நான் என்ன உங்க ரிலேவா?" என்றாள் வாலு. டாக்டர் கொடுத்த தாளை எடுத்து இரண்டு தடவை படித்தாள். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்தே கட்டம் போட்டாள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.

ஆறு மணிக்கு அவள் பேனாவோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கை பழக்கத்தில் நீண்டது.

"ம்ஹும். நீ அங்க பாரு." எதிர்க் கட்டட மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். "தலைவலி?"

"ரெண்டு."

"குமட்டல்?"

"இல்ல."

"வெளிச்சம்?"

"மூணு. திரையை மூட வேண்டாம், பழகட்டும்."

"கோபம்?"

"அந்தக் கட்டம் இல்லையே."

"இப்போ போட்டுட்டேன்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என் பேருல எட்டு எழுதிக்கோ."

வாலு எழுதினாள். ஒரு நிமிடத்தில் பதிவு முடிந்தது. பிறகு பேனாவைக் கை தூரத்தில் பிடித்து மெல்ல அவர் மூக்கை நோக்கிக் கொண்டு வந்தாள். இரண்டாகத் தெரிந்ததும் அவர் சொன்னார், அவள் நிறுத்திப் பின்னால் எடுத்தாள். பத்து தடவை, அவ்வளவுதான். பதினொன்றாவது வேண்டும் என்று அவர் கேட்டார். கிடையாது என்றாள்.

ஆறு பத்து ஆயிற்று. அவர் காத்திருந்தார். ஆறு பதினைந்து. தலையில் இருந்தது அதே இரண்டுதான். மூன்றாகவில்லை.

இன்ஜினியரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஆனால் முறை கிடைத்துவிட்டது. பதிவு ஒரு நாளைக்கு மூன்று வேளை, காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு. பேனாப் பயிற்சி வேளைக்குப் பத்து தடவை, அதற்கு மேல் இல்லை. திரை திறந்திருக்கும். அவர் தூரத்தைப் பார்த்துச் சொல்வார், வேறொருவர் எழுதுவார்.